யாரும் பார்க்கவில்லை என்றால் அது குற்றமில்லையா? இரண்டு வீடியோ கேம்களை முன்வைத்துச் சில சிந்தனைகள்

 

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் நம்மைத் தேடி மதரஸாவுக்கு வந்தார். கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். மகன் சிறுவயதில் நம்மிடம் ஓதியவன். இப்போது பதினெட்டு வயது நிறைந்து கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறான். இரவு முழுவதும் கணினியில் கேம் விளையாடுகிறான், ஃபஜ்ர் தொழுகைக்கு எழுவதில்லை என்று தாய் முறையிட, விடுமுறையில் ஊர் வந்த தகப்பனார் கணினியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மகன் எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து தகப்பனாரோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். அவர் திரும்பிச் சென்று இரண்டு மாதங்கள் ஆகியும், அத்தாவிடமிருந்து அழைப்பு வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறானாம்.

அஸர் தொழுகைக்குப் பின் அவனை அழைத்து அமர வைத்து அறிவுரை கூறினோம். முழுவதையும் பணிவோடு கேட்டான். பிறகு, “உஸ்தாத், போன ரமலான் பயானில் இந்தக் கேம் எல்லாமே கொலையும் கொள்ளையும்தான்னு சொன்னீங்க. நான் என்ன கேம் விளையாடுறேன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டான்.

நமக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றித்தான் மிம்பருக்குப் பக்கத்தில் நின்று அத்தனை பேர் முன்னிலையில் தீர்ப்புக் கூறியிருந்தோம். அறிவில்லாத ஒன்றின் பின்னால் செல்லாதீர்கள் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் நமக்கு அது வெட்கமாக இருந்தது.

தகப்பனாரிடம் தொலைபேசியில் பேசினோம். “உஸ்தாத் பக்கத்துல இருந்தா சரி” என்று தயக்கத்தோடு சம்மதித்தார். கணினி வீட்டுக் கூடத்திற்கு வந்தது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில், வாரத்தில் சில நாட்கள், அவன் விளையாட, நாம் பக்கத்தில் அமர்ந்து பார்த்தோம், கேட்டோம். அவன் விளையாடியவை இரண்டு. ஒன்று ‘ஸ்கைரிம்’, மற்றொன்று ‘தி விட்சர் 3’. அவற்றில் நாம் கண்டவற்றைப் பெற்றோர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது ஃபத்வா அன்று. ஓர் ஆசிரியரின் கருத்து மட்டுமே.

இரண்டு உலகங்கள்

ஸ்கைரிம், அமெரிக்காவின் பெத்தெஸ்டா நிறுவனம் 2011 நவம்பரில் வெளியிட்டது. விட்சர் 3, போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே மாதத்தில் வெளியிட்டது. ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி என்ற போலந்து எழுத்தாளரின் கதைகளில் வரும் பாத்திரங்களைக் கொண்டது. இரண்டையும் ‘ஓபன் வேர்ல்ட்’ வகை என்கிறார்கள். காடு, மலை, ஊர், சந்தை என விரிந்து கிடக்கும் ஓர் உலகில் ஆடுபவர் விரும்பிய திசையில் போகலாம். போகும் வழியில் மக்கள் வேலைகளை ஒப்படைப்பார்கள். அவற்றை இளைஞர்கள் ‘குவெஸ்ட்’ என்கிறார்கள். நாம் இங்கே பணி என்போம். பணியை முடிக்கச் சண்டை போட வேண்டியிருக்கும். ஆகவே ஒரு கேமின் குணத்தை அறிய இரண்டு கேள்விகள் போதும். அது எப்படிச் சண்டையிடச் சொல்கிறது? எதற்காகச் சண்டையிடச் சொல்கிறது?

பழகும் கையும் தயாராகும் கையும்

ஸ்கைரிமில் ஆடுபவர் யாராகவும் ஆகலாம். இரு கைகளிலும் வாள் ஏந்தலாம். ஒரு கையில் வாளும் மறு கையில் மந்திரமும் கொள்ளலாம். இருளில் பதுங்கி வில்லால் எய்யலாம். மொத்தம் 18 திறன்கள். அவை பயன்படுத்தப் பயன்படுத்த வளர்கின்றன. வாள் வீசினால் வாள் திறன் கூடும். இரும்பு அடித்தால் கொல்லுத் தொழில் கூடும். பூட்டை உடைத்தால் பூட்டு உடைக்கும் திறன் கூடும். பிறர் பையில் கை விட்டால் அந்தக் கையும் தேர்ச்சி பெறும்.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதுவாகவே ஆகிவிடுவோம் என்பது ஹிஃப்ழு வகுப்பில் நாம் நாள்தோறும் காணும் உண்மை. அந்த உண்மையை இந்தக் கேம் நன்றாகவே அறிந்திருக்கிறது. ஆனால் நல்ல பழக்கம், தீய பழக்கம் என்ற வேறுபாடு அதற்கில்லை. எதைப் பழகினாலும் ஆடுபவருக்கு உயர்வுதான்.

சண்டையிலும் அவசரம் இல்லை. அடி விழுந்தால் கேமை நிறுத்திப் பையைத் திறந்து, இருக்கும் பாலாடைக்கட்டி அத்தனையையும் உண்டு உயிரை நிரப்பிக்கொண்டு மீண்டும் போரிடலாம். எதிரியின் வாள் அதுவரை அந்தரத்தில் நிற்கும். அவன் அப்படி முப்பது கட்டிகளை உண்டபோது நாமும் சிரித்துவிட்டோம்.

விட்சரில் ஆடுபவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் கெரால்ட். கூலிக்கு அரக்க விலங்குகளை வேட்டையாடுபவர். முதுகில் இரண்டு வாள்கள் இருக்கும். மனிதர்களை எதிர்கொள்ள எஃகு வாள். அரக்க விலங்குகளுக்கு வெள்ளி வாள். கையசைவில் பிறக்கும் ஐந்து மந்திரக் குறிகளும் உண்டு. ஆனால் கடினமான நிலையில் விளையாடும்போது வாளைக் காட்டிலும் தயாரிப்பே அவரைக் காக்கிறது. எதிர்ப்படுவது எந்த விலங்கு, அதன் பலவீனம் என்ன என்று குறிப்பேட்டில் படிக்க வேண்டும். அதற்குரிய எண்ணெயை வாளில் பூச வேண்டும். மருந்து அருந்த வேண்டும். அளவு மிஞ்சினால் அந்த மருந்தே உடம்பில் நஞ்சாக ஏறும். வெறுமனே பாய்ந்தால் இரண்டு அடியில் வீழ வேண்டியதுதான். கொல்வதால் கிடைக்கும் அனுபவப் புள்ளியும் மிகக் குறைவு. பணியை முடித்தால்தான் வளர்ச்சி. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டித் தள்ளும் ஆசை அங்கே குறைகிறது.

சண்டையை மட்டும் வைத்துப் பார்த்தால், ஸ்கைரிம் கைக்குச் சுதந்திரம் கொடுக்கிறது. விட்சர் கையைச் சிந்திக்க வைக்கிறது.

எதற்காகச் சண்டை?

ஸ்கைரிமின் தலையாய கதை அல்டுயின் என்ற டிராகன் உலகை அழிக்காமல் தடுப்பது. ஆனால் அந்த டிராகன் எத்தனை மாதங்களும் காத்திருக்கும். அதற்குள் ஆடுபவர் போர்வீரர் சங்கத்தில் சேரலாம். மந்திரக் கல்லூரியில் சேரலாம். திருடர் சங்கத்திலும் கூலிக்கொலைக் கூட்டத்திலும் சேரலாம். எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் உயர்ந்த இடத்தை அடையலாம். நேற்று இரவு கூலிக்குக் கொன்றவரா என்று மந்திரக் கல்லூரியில் எவரும் கேட்பதில்லை. பணிகளும் தீர்வதில்லை. ஒன்றை முடித்தால் அதே அச்சில் இன்னொன்றை இயந்திரமே வார்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். முடிவே இல்லாத இந்தப் பட்டியல்தான் பல இரவுகளில் அந்தப் பிள்ளையை சுபுஹு பாங்கு வரை உட்கார வைத்திருக்கிறது.

அதில் நம் நெஞ்சை உறுத்திய ஒரு பணி உண்டு. ஓர் அநாதைச் சிறுவன், தன் விடுதியின் கொடுமைக்காரக் கண்காணிப்பாளரைக் கொல்லுமாறு வேண்டுகிறான். ஆடுபவர் கொல்கிறார், விடுதிப் பிள்ளைகள் ஆரவாரம் செய்கிறார்கள். பிறகு ஓர் இரவில் கூலிக்கொலைக் கூட்டம் அவரைக் கடத்திச் சென்று ஒரு குடிசையில் அடைக்கிறது. அங்கே கண்களும் கைகளும் கட்டப்பட்ட மூன்று பேர். அஸ்ட்ரிட் என்ற தலைவி, இவர்களில் ஒருவரைக் கொல்லும்படி விலை வந்திருக்கிறது, யாரென்று கண்டுபிடித்துக் கொல் என்கிறாள். யாரைக் கொன்றாலும் அவளுக்குத் திருப்திதான். குற்றவாளியைக் கண்டறிவதன்று அவள் நோக்கம். சொன்னதும் கொல்கிறாயா என்று பார்ப்பதே.

இங்கே நான்காவது வழி ஒன்றும் உண்டு. அந்த மூவரை விட்டுவிட்டு அஸ்ட்ரிடையே எதிர்க்கலாம். அப்படிச் செய்தால் கூட்டத்தை அழிக்கும் பணி தொடங்குகிறது. “நீ என்ன செய்தாய்?” என்று கேட்டோம். “முதல் தடவை அவ சொன்னதைத்தான் செஞ்சேன் உஸ்தாத். எதிர்க்க முடியும்னே தோணல” என்றான். தீமைக்கு மறுப்புச் சொல்லும் வழியை அந்தக் கேம் வைத்திருக்கிறது. ஆனால் இருக்கிறது என்று சொல்வதில்லை. ஆணை வந்தால் கேள்வி கேட்க வேண்டும் என்பதை அன்று அவனோடு அரை மணி நேரம் பேச முடிந்தது. பயானில் ஒரு மணி நேரம் பேசியும் நாம் அடையாத பலன் அது.

சாட்சி இல்லாத குற்றம்

ஸ்கைரிமில் குற்றத்திற்கு விலை உண்டு. ஒருவரைத் தாக்கினால் தலைக்கு 40 பொற்காசு, கொன்றால் 1000. அபராதம் கட்டலாம், சிறைக்குப் போகலாம், காவலரை எதிர்க்கலாம். ஆனால் இவையெல்லாம் யாராவது பார்த்தால் மட்டுமே. பார்க்காவிட்டால் குற்றமே பதிவாகாது. அதைவிட அதிர்ச்சி, பார்த்தவரையும் கொன்றுவிட்டால், கடைசிச் சாட்சியும் இறந்ததால் அபராதம் நீக்கப்பட்டது என்று திரையிலேயே செய்தி வரும்.

இந்த இடத்தில் நாம் எழுந்து சற்று நடந்துவிட்டு வந்தோம். ஈமானின் அழகான படித்தரமாகிய இஹ்ஸான் என்பது, நம்மை இறைவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற உணர்விலேயே வாழ்வது என்று சிறுபிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். இந்த உலகமோ பார்ப்பவர் இல்லாவிட்டால் செயலே இல்லை என்ற கணக்கில் இயங்குகிறது.

“கேம்ல திருடினா நிஜத்துலயும் திருடுவேனா உஸ்தாத்?” என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. அப்படி நாம் சொல்லவில்லை என்றோம். “முதல் முறை ஒரு வீட்டில் புகுந்து எடுத்தபோது எப்படி இருந்தது?” என்று மட்டும் கேட்டோம். சிறிது யோசித்து, “ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு” என்றான். பழகப் பழகத் திறன் வளரும் என்பது அந்தக் கேமே கற்பிக்கும் பாடம் அல்லவா? கை திருடாவிட்டாலும், அந்த ‘ஒரு மாதிரி’ மங்கிப் போவது இழப்பே.

நீதியாகச் சொல்வதானால், விட்சரும் இதில் தூய்மையானதன்று. ஏழைகளின் குடிசைக்குள் நுழைந்து பெட்டியைத் திறந்து எடுத்தால், காவலர் கண்ணில் படாதவரை அங்கேயும் கேட்பாரில்லை. ஆனால் அதன் பணிகள் வேறு கணக்கில் நடக்கின்றன.

தாமதமாக வந்து சேரும் விளைவு

விட்சரின் கதை, கெரால்ட் தான் மகளாக வளர்த்த சிரி என்ற பெண்ணைத் தேடுவது. வழியில் ‘பிளடி பேரன்’ என்று அழைக்கப்படும் ஒரு கோட்டைத் தலைவனைச் சந்திக்கிறார். என் மனைவியையும் மகளையும் காணவில்லை, கண்டுபிடித்துக் கொடுத்தால் சிரியைப் பற்றிச் சொல்கிறேன் என்கிறான் அவன். துப்புத் துலக்கத் துலக்க உண்மை வெளிவருகிறது. அவன் குடிகாரன். குடித்துவிட்டு மனைவியை அடித்தவன். அதில் அவளுடைய கரு கலைந்தது. பெயரும் சடங்கும் இன்றிப் புதைக்கப்பட்ட அந்தச் சிசு அரக்க உருவில் எழுந்து வருகிறது. அதைக் கெரால்ட் வெட்டிக் கொல்லலாம். அல்லது அந்தத் தகப்பனே அதைக் கைகளில் ஏந்திச் சென்று, மன்னிப்புக் கேட்டு, பெயரிட்டு அடக்கம் செய்யும்படி செய்யலாம். சிசு ஆவியாக வருவது நம் நம்பிக்கைக்கு ஒவ்வாதது; கதை என்றே அதைப் பார்த்தோம். ஆனால் குடியும் கை நீட்டலும் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அத்தனை நேர்மையாகக் காட்டிய கதையை நாம் எதிர்பார்க்கவில்லை.

பிறகு வருவது இன்னும் கடினம். சதுப்பு நிலத்தில் மூன்று சூனியக் கிழவிகள். அவர்கள் பிடியில் அநாதைக் குழந்தைகள். பேரனின் மனைவியும் அங்கேதான் அடிமையாக இருக்கிறாள். அருகிலுள்ள குன்றில் ஒரு மரத்தில் ஓர் ஆவி கட்டுண்டு கிடக்கிறது. விடுவித்தால் குழந்தைகளைக் காப்பேன் என்கிறது. அதை விடுவித்தால் குழந்தைகள் பிழைக்கிறார்கள். ஆனால் ஒரு கிராமமே அழிகிறது, பேரனின் மனைவி இறக்கிறாள், அவனோ தூக்கிட்டுக்கொள்கிறான். ஆவியைக் கொன்றால் குழந்தைகள் மாண்டுபோகிறார்கள். மனைவி உயிரோடு இருக்கிறாள், ஆனால் புத்தி பேதலித்துவிடுகிறது. பேரன் அவளுக்கு வைத்தியம் தேடித் தொலைதூரம் புறப்படுகிறான்.

விளைவு உடனே தெரிவதில்லை என்பதுதான் இதில் முக்கியம். பல மணி நேர ஆட்டத்திற்குப் பின்னரே தெரிகிறது. பின்னால் போய் மாற்ற வேண்டுமானால் அத்தனையையும் மீண்டும் ஆட வேண்டும். அவன் ஆவியை விடுவித்திருந்தான். கோட்டைக்குத் திரும்பியபோது முற்றத்து மரத்தில் பேரன் தொங்கிக்கொண்டிருந்தான். “அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல உஸ்தாத். எது சரி?” என்று கேட்டான்.

இரண்டு தீங்குகள் எதிர்ப்படும்போது இலேசானதைத் தேர்வது என்பது ஃபிக்ஹு விதிகளில் ஒன்று. அதைப் பல ஆண்டுகளாக வறண்ட உதாரணங்களோடு நடத்தி வந்திருக்கிறோம். மாணவர்கள் எழுதிக்கொண்டு கொட்டாவி விடுவார்கள். இந்தப் பிள்ளையோ அந்த விதியின் கனத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து கேட்டான். எது இலேசான தீங்கு, அதை எப்படி அறிவது, அறியாமல் செய்ததற்கு என்ன பொறுப்பு, நிய்யத்தின் இடம் என்ன என்று அன்று மஃரிப் பாங்கு வரை பேசினோம்.

மறைக்கக் கூடாதவை

இதைப் படித்துவிட்டு, உஸ்தாதே நல்ல கேம் என்று எழுதியிருக்கிறார் என எந்தப் பிள்ளையும் பெற்றோரிடம் போய் நிற்க வேண்டாம். பணிகளில் ஆழமான விட்சர்தான் ஆபாசத்தில் மோசமானது. முதல் காட்சியே குளியலறையில் தொடங்குகிறது; உடலுறவுக் காட்சிகள் உண்டு. மது எங்கும் ஓடுகிறது; கெரால்டின் மருந்துகள்கூடச் சாராயம் கொண்டே மீண்டும் நிரம்புகின்றன. ஸ்கைரிமில் ஆபாசம் குறைவு. ஆனால் பல தெய்வங்களின் பீடங்களைத் தொட்டு வரம் பெறுவது அங்கே சாதாரணம். டேட்ரா எனப்படும் தீய சக்திகளுக்குப் பணிவிடை செய்து ஆயுதம் பெறும் பணிகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, நம்மை நம்பிப் பின்தொடரும் தோழரையே பீடத்திற்கு அழைத்துச் சென்று பலியிடச் சொல்கிறது. தவ்ஹீதைக் கற்பிக்கும் வீட்டில் இதை விளையாட்டுத்தானே என்று எளிதாக ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

ஐரோப்பாவின் தர நிர்ணயத்தில் இரண்டுமே 18 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை; அமெரிக்காவில் 17. தயாரித்த நாடுகளே சிறுவருக்கு ஆகாது என்று அட்டையில் அச்சிட்டிருக்கும்போது, எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நாம் வேறு அறையில் இருப்பது அமானிதத்தில் செய்யும் குறையாகும். பதினெட்டுக்குக் கீழ் இரண்டுமே வேண்டாம் என்பது நம் உறுதியான கருத்து. வயது வந்த பிள்ளையும் ஆபாசக் காட்சிகளையும் பீடங்களையும் தவிர்க்கவே வேண்டும். தவிர்க்க இயலாது என்றால் கேமைத் தவிர்ப்பதே மேல்.

இன்னொன்று. பாங்கு சொன்னாலும் பாதியில் நிறுத்த முடியாது என்று பிள்ளைகள் சொல்வார்கள். இவை இரண்டும் தனியாள் ஆடும் கேம்கள். சண்டைக்கு நடுவில் இல்லாத வேளையில் நினைத்த இடத்தில் சேமித்து வைத்துவிட்டு எழலாம். சண்டை நடுவிலும் நிறுத்தி வைக்க முடியும். அந்தச் சாக்கு செல்லாது என்பதைப் பெற்றோர் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பனிப்பந்து

விட்சரின் முடிவு பெரும் போரில் தீர்மானிக்கப்படும் என்று நினைத்தோம். சிரி உயிரோடு திரும்புவாளா என்பதைச் சில சிறு தருணங்கள் தீர்மானிக்கின்றன. துக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவளுக்கு, எல்லாவற்றிலும் சிறந்தவளாக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லிக் குடிக்கலாம். அல்லது வெளியே அழைத்துச் சென்று பனிப்பந்து எறிந்து விளையாடலாம். சூனியக்காரிகளின் சபைக்கு அவள் பேசப் போகும்போது கூடவே போகலாம். அல்லது நீயே பேசிவிட்டு வா என்று விடலாம். தனக்கு உதவி செய்து உயிரிழந்த இளைஞனின் கல்லறைக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்கும்போது நேரமில்லை எனலாம். அல்லது உடன் செல்லலாம். இவற்றில் பெரும்பாலும் அவளை நம்பியிருந்தால் திரும்பி வருகிறாள். அடக்கியும் காத்துமே வைத்திருந்தால் வருவதில்லை. கோபத்தில் ஓர் அறையை அடித்து நொறுக்க விடுவதும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. அதில் மட்டும் நமக்கு உடன்பாடில்லை!

அவனுடைய முதல் ஆட்டத்தில் சிரி திரும்பவில்லை. “அவ நல்லதுக்குத்தான் எல்லா இடத்துக்கும் கூடவே போனேன் உஸ்தாத். அவளுக்காக நானே பேசினேன்” என்றான். சொல்லிவிட்டுப் பீரோ இருந்த பக்கம் பார்த்தான். நாம் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இஷாவுக்குப் பின் தகப்பனாரை அழைத்து இந்தக் கதையை அப்படியே சொன்னோம். குறை கூறவில்லை, ஃபஜ்ரை விடும் மகனைக் கண்டிக்கும் உரிமையும் கடமையும் அவருக்கு உண்டு. நெடுநேரம் மௌனமாக இருந்தார். அந்த வாரம் மகனுக்கு அழைத்திருக்கிறார். தொழுகையைப் பற்றிக் கேட்கவில்லையாம். “அந்தப் பொண்ணு திரும்பி வந்துச்சாப்பா?” என்று கேட்டாராம். மகன் எழுந்து போகவில்லை. இருபது நிமிடம் பேசினான் என்று தாய் கண்கலங்கச் சொன்னார்.

ஃபஜ்ருக்குச் சில நாட்கள் வருகிறான். சில நாட்கள் வருவதில்லை. வராத நாளில் நாம் விசாரிக்கிறோம், இப்போது மறைக்காமல் காரணம் சொல்கிறான்.

பெற்றோர்களே! எத்தனை மணி நேரம் விளையாடினாய் என்பதோடு நிறுத்தாதீர்கள். இன்று உன்னிடம் என்ன வேலை சொன்னார்கள், நீ என்ன செய்தாய், அதனால் யாருக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். பதில் சொல்லும்போதே பிள்ளை தன் செயலைத் தானே எடை போடத் தொடங்கிவிடுவான். அந்தக் கேமில் சாட்சி இல்லாமல் போகலாம். அவன் பக்கத்தில் நீங்கள் அமர்ந்திருந்தால் ஒரு சாட்சி இருக்கும். நீங்கள் இல்லாத நேரத்திலும் அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற உணர்வை அதிலிருந்தே அவன் கற்றுக்கொள்ளட்டும்.

நம் பிள்ளைகளைக் கண் குளிர்ச்சியாக அல்லாஹ் ஆக்கி வைப்பானாக! அறியாமல் பேசிய நம் சொற்களை மன்னிப்பானாக! ஆமீன்.